விண்ணப்பத்தில் எழுதாத தகுதிகள்

1

எங்க காலனியிலிருந்து ஒரு பொண்ணு விண்ணப்பப் படிவம் ஒண்ண எடுத்துக்கிட்டு என்னைப் பார்க்க வந்தாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மாவும் கூடவே போகும். எம்.எஸ்சி. சேர வேண்டும் என்று ஆசை. காலனியில் பெரிய படிப்பு படித்தவள் என்று என்னைத்தான் சொல்வார்கள், நான் படித்ததோ எம்.ஏ. தமிழ். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனாலும் படிவத்தை நிரப்புவதற்கு அக்காதான் வேணும்.

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தோம். பட்டியல் போட்டிருந்தார்கள். இளநிலையில் அதே பாடம் எடுத்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், புகைப்படம். சேர்ந்த பிறகு நான்கு பருவம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, கடைசியில் ஓர் ஆய்வேடு, அதுக்கு வாய்மொழித் தேர்வு. இவ்வளவுதான் எம்.எஸ்சி. பட்டத்துக்கான தகுதி. எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துவிட்டு அவள் சொன்னாள்: "அக்கா, இதுல கேட்டிருக்கிறது அத்தனையும் எங்கிட்ட இருக்கு. எங்கிட்ட இல்லாதது எதையும் இதுல கேக்கல. அதான் பயமா இருக்கு."

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. தமிழ் படிக்க ஒரு நோட்டும் நூலகச் சீட்டும் போதும் என்று நினைத்துத்தான் நான் போனேன். வாய்மொழித் தேர்வில் என் ஆய்வேட்டைப் பற்றி இரண்டு கேள்வி, ஊரைப் பற்றி மூன்று கேள்வி. எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், அப்பாவுக்கு என்ன வேலை. இந்த மூன்று கேள்வியும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. தமிழுக்கே இப்படியென்றால், சோதனைக்கூடமும் நுண்ணோக்கியும் ஆய்வு வழிகாட்டியின் தயவும் வேண்டியிருக்கிற ஒரு படிப்புக்கு எழுதாத தகுதிகள் எத்தனை இருக்கும்?

இந்தக் கேள்வியோடுதான் அமெரிக்கக் கறுப்பின உயிரியலாளர்களின் வரலாற்றை நான் திரும்பப் படித்தேன். நம்மவர்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை. 1873இல் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார், டுபாய்சும் பதில் எழுதினார். கறுப்பர்களின் போராட்டங்களையும் கவிதைகளையும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் சோதனைக்கூடத்துக்குள் எப்படிப் போனார்கள், போனவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பேசியது குறைவு. இங்கே நான் சொல்லப்போவது முக்கியமாக ஒரு பெண்ணின் கதை. அவர் உயிரியலில் வாங்கிய முதுநிலைப் பட்டத்தின் கதை.

2

முதலில் இந்தப் பட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'தகுதி, தகுதி' என்று இன்றைக்கு நம் மூஞ்சிக்கு நேராக விரலை நீட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரைக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் எம்.ஏ. பட்டம் வாங்குவதற்குப் படிக்கவே வேண்டாம். பி.ஏ. முடித்து மூன்று வருஷம் போனால், ஒழுங்கான ஆள் என்று பெயர் இருந்தால், கட்டணம் கட்டிவிட்டு எம்.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். தேர்வு இல்லை, ஆய்வேடு இல்லை. இது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இன்றைக்கும் பி.ஏ. முடித்தவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து, தேர்வு எதுவும் இல்லாமலே எம்.ஏ. கிடைக்கிறது. கனவான் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கல்லூரிக்குள் இருந்த வரைக்கும் கனவானாக இருப்பதே போதுமான தகுதி. அப்போது யாரும் 'தரம் கெட்டுவிட்டது' என்று அழவில்லை.

இந்த வழக்கம் 1870களில் உடையத் தொடங்கியது. 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜெர்மானிய முறையைப் பின்பற்றி ஆராய்ச்சியை மையமாக வைத்தது. உயிரியலுக்கு அங்கே தொடக்கத்திலேயே தனிப் பேராசிரியர். சோதனைக்கூடத்தில் வேலை செய்து, தேர்வு எழுதி, ஆய்வேடு கொடுத்துப் பட்டம் வாங்குவது என்கிற முறை மெதுவாக எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. உயிரியல் ஆராய்ச்சி அதிகமும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட காலம் அது. அதனால் முதுநிலைக்கே ஜெர்மனோ பிரெஞ்சோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பல துறைகள் விதி வைத்தன.

படித்து வாங்குகிற பட்டம் என்று ஆனது நல்லதுதான். கனவான் வீட்டில் பிறக்காதவனுக்கும் ஒரு கதவு திறக்கிறது. கதவு திறந்தது உண்மை, வாசற்படியின் உயரம் குறையவில்லை. ஹாப்கின்சில் 1887இல் கெல்லி மில்லர் என்ற கறுப்பின இளைஞர் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் கறுப்பர் அவர். 1889இல் கட்டணத்தை உயர்த்தினார்கள். அவரால் கட்ட முடியவில்லை, பட்டம் வாங்காமலே வெளியேறினார். நிறத்தைச் சொல்லி அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. கட்டணத்தை உயர்த்தினாலே போதுமானதாக இருந்தது.

3

1864 வாக்கில் மிசௌரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கன்சாசில் ஒரு கல்லூரி கடிதம் மூலம் அவருக்கு இடம் கொடுத்தது. நேரில் போய் நின்றதும் ஆளைப் பார்த்துவிட்டு இடம் இல்லை என்றது. படிவத்தில் இருந்த தகுதி சரியாக இருந்தது, தோலில் இருந்த தகுதிதான் சரியாக இல்லை. பிறகு 1890இல் அயோவாவில் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியமும் இசையும் படித்தார். அங்கே ஓவிய ஆசிரியைதான் அவரைத் தாவரவியல் பக்கம் போகச் சொன்னது. 1891இல் அயோவா மாநில வேளாண் கல்லூரிக்குப் போனார். அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவர்.

அங்கே முதல் நாட்களில் அவரை மற்ற மாணவர்களோடு சாப்பிட விடவில்லை. அடித்தளத்தில், வயல் வேலைக்காரர்களோடு சாப்பிடச் சொன்னார்கள். சிம்ப்சன் இருந்த ஊரிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, அவரோடு அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. இதைப் படிக்கும்போது நம்மில் யாருக்கு டீக்கடையின் இரட்டைக் குவளை நினைவுக்கு வராமல் இருக்கும்? ஆயிரம் மைல்களுக்கு அப்பாலும் ஆதிக்கம் முதலில் பிடிப்பது சோற்றுத் தட்டைத்தான்.

கார்வர் 1894இல் இளநிலை முடித்தார். கல்லூரியிலேயே பசுமைக்குடில் பொறுப்பும் பூஞ்சை நோய்கள் பற்றிய ஆராய்ச்சியும் அவருக்குக் கிடைத்தன. தாவரவியல் பேராசிரியர் லூயி பாமல் அவருக்குத் துணையாக இருந்தார். சம்பளத்தோடு ஒரு வேலை, உட்கார ஒரு மேசை, தட்டிக்கொடுக்க ஓர் ஆசிரியர். இந்த மூன்றும் இருந்ததால் 1896இல் முதுநிலைப் பட்டம் வாங்கினார்.

அந்த ஆண்டை மறந்துவிடாதீர்கள். அதே 1896 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்று தீர்ப்புச் சொன்னது. கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி என்பதெல்லாம் சட்டப்படி சரி என்று ஆனது. தனித்தனி இருந்தது, சமம் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்கு என்று தனிக் கல்லூரிகள் இருந்தன, ஆனால் முதுநிலைப் படிப்பு அநேகமாக எதிலும் கிடையாது. படிக்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். பிற்பாடு சில மாநிலங்கள், 'வெளி மாநிலத்துக்குப் போய்ப் படி, பணம் தருகிறோம்' என்றுகூடச் சொல்லின. தங்கள் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கறுப்பன் வந்து உட்காராமல் இருப்பதற்காகக் கொடுத்த கூலி அது.

4

1883இல் சௌத் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் அப்படி வடக்கே போனவர். டார்ட்மத் கல்லூரியில் 1907இல் உயர் சிறப்போடு பட்டம் வாங்கினார். அவ்வளவு மதிப்பெண் வாங்கிய கறுப்பனுக்கு வேலை கொடுக்க வெள்ளைக்காரப் பல்கலைக்கழகம் எதுவும் தயாராக இல்லை. கறுப்பர்களுக்காக 1867இல் தொடங்கிய வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதலில் ஆங்கிலம் நடத்தினார், பிறகு விலங்கியல்.

1909 முதல் ஒவ்வொரு கோடைக்கும் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்ற இடத்தில் இருந்த கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் லில்லியின் கீழ், கடற்புழுக்களின் முட்டை எப்படிக் கருவுறுகிறது என்று ஆராய்ந்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வெளிவரத் தொடங்கின. இருந்தும் டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில் வந்து தங்கிப் படித்தாக வேண்டும். ஹோவர்டில் விடுப்பு வாங்கிக்கொண்டு போய்ப் படித்து, 1916இல்தான் சிகாகோவில் பட்டம் வாங்கினார். அதற்குள் 1915இல் கறுப்பர் உரிமை அமைப்பின் முதல் ஸ்பிங்கார்ன் பதக்கம் அவருக்கே கிடைத்திருந்தது. பிற்பாடு ஐரோப்பாவில் அவரை விஞ்ஞானி என்று மதித்தார்கள். சொந்த நாட்டில் கடைசி வரை ஒரு வெள்ளைக்காரப் பல்கலைக்கழகமும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. 1941இல் இறந்தார்.

இந்த இடத்தில் அம்பேத்கரையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஜஸ்ட் சிகாகோவில் பட்டத்துக்காக உழைத்த அதே காலத்தில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார் அம்பேத்கர். 1913இல் போனார், 1915இல் எம்.ஏ. வாங்கினார். பள்ளியில் அவருக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் எடுக்க வேண்டியிருந்தது. கோணிச் சாக்கில் உட்கார்ந்து படித்தவர் அமெரிக்காவில் மேசையில் உட்கார்ந்து படிக்க முடிந்ததென்றால் அதற்குப் பரோடா மன்னர் கொடுத்த மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகை காரணம். பட்டங்களோடு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. படிப்புக்கு எழுதாத தகுதிகள் இருந்ததைப் போலவே படிப்பு முடித்த பிறகும் எழுதாத தகுதிகள் காத்திருந்தன, ஜஸ்டுக்கும் அவருக்கும்.

5

இனி நான் சொல்ல வந்த பெண். ரோஜர் ஆர்லைனர் யங். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிடாதீர்கள். வர்ஜீனியாவில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அம்மா படுக்கையில் கிடந்த நோயாளி. வீட்டில் வருகிற காசெல்லாம் அம்மாவின் வைத்தியத்துக்கே போனது. 1916இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், இசை படிக்க. பட்டம் வாங்க ஏழு ஆண்டு ஆனது. இடையில் 1921இல் ஒரு விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்தார். நடத்தியவர் ஜஸ்ட்.

மதிப்பெண் ஒன்றும் பிரமாதமாக இல்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நம் பிள்ளைகளின் கதையை எழுதும்போது எல்லாரையும் முதல் மதிப்பெண்காரர்களாக ஆக்கிவிடுகிற பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவனுக்குத்தான் உரிமை உண்டு என்று நாமே ஒத்துக்கொள்வதாக ஆகிவிடும். யங் சாதாரண மதிப்பெண் எடுத்தவர். ஆனால் அந்தக் கையால் என்ன செய்ய முடியும் என்று ஜஸ்ட் கண்டுகொண்டார். 1923இல் பட்டம் முடித்ததும் ஹோவர்டிலேயே விலங்கியல் கற்பிக்க யங்குக்கு வேலை கிடைத்தது.

1924இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்குச் சேர்ந்தார், பகுதிநேரமாக. வாஷிங்டனில் பாடம் நடத்த வேண்டும், சிகாகோவில் படிக்க வேண்டும், அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் கோடையையும் ஒரு முழுப் பருவமாக வைத்திருந்தது. வேலைக்குப் போகிற ஆசிரியர்கள் விடுமுறையில் வந்து படிக்க அது வழி. முழுநேரமாக இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும், யாரால் முடியாது என்பது விதியில் எழுதியிருக்காது. ஆனால் பருவங்களை எப்படி அமைக்கிறார்கள் என்பதிலேயே அது முடிவாகிவிடுகிறது.

குட்டைத் தண்ணீரில் பரமீசியம் என்று ஓர் உயிர் இருக்கிறது. ஒரே ஒரு செல். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், புகுந்த தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் ஊதி வெடித்துவிடும். அதற்காகச் சுருங்கி விரியும் குமிழ்கள் அதனுள் இருக்கின்றன. அந்தக் கழிவுநீக்க அமைப்பைத்தான் யங் ஆராய்ந்தார். முதுநிலை மாணவியாக இருக்கும்போதே, 1924 செப்டம்பரில், 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்து கட்டுரை வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். 1926இல் முதுநிலைப் பட்டம். அந்த மட்டத்தில் இருப்பவர்களைச் சாதாரணமாகச் சேர்க்காத சிக்மா சை என்ற ஆராய்ச்சியாளர் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இவருக்கு இடமே கிடைத்திருக்காது.

6

கதை இத்தோடு முடிந்திருந்தால் சுவரொட்டியில் போட நன்றாக இருக்கும். முடியவில்லை.

1927 முதல் கோடையில் ஜஸ்டோடு உட்ஸ் ஹோலில் வேலை. கடல் உயிர்களின் முட்டைகள் மீது புற ஊதாக் கதிர்களின் விளைவு பற்றிய சோதனைகள். அந்தக் கதிர்களால் அவருடைய கண்கள் கெட்டன. 1929இல் ஜஸ்ட் ஐரோப்பாவில் இருந்தபோது ஹோவர்டில் துறையை இவர்தான் நடத்தினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் சிகாகோவுக்குப் போய் லில்லியின் கீழ் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தார். 1930 ஜனவரியில் தகுதித் தேர்வு. தோல்வி.

ஏன் தோற்றார்? கையில் காசில்லை. அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை. கண் சரியில்லை. அதற்கு முன்பு வரை ஒரு துறையின் முழுச் சுமையும் இவர் தலையில். இவையெல்லாம் தேர்வுத்தாளில் தெரியாது. தேர்வுத்தாளில் 'தோல்வி' என்பது மட்டும்தான் தெரியும். அந்தத் தோல்விக்குப் பிறகு சில காலம் எங்கே போனார் என்று யாருக்கும் சொல்லாமல் மறைந்துபோனார். பிறகு ஹோவர்டுக்கே திரும்பி வந்து பாடம் நடத்தினார்.

இனிச் சொல்லப்போவது நம் இயக்கத் தோழர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஹோவர்டு கறுப்பர்களின் பல்கலைக்கழகம். ஜஸ்ட் கறுப்பர்களின் பெருமை. யங்கைக் கண்டெடுத்து வளர்த்தவரும் ஜஸ்ட்தான். ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையே விரிசல். அவர்கள் உறவைப் பற்றி வதந்தி வேறு. கசப்பு முற்றி, 1936இல் யங் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வகுப்புக்கு வருவதில்லை, சோதனைக் கருவிகளைச் சரியாகக் கையாளவில்லை என்று காரணம் சொன்னார்கள். வதந்தி இரண்டு பேரைப் பற்றியும்தான், வேலை போனது ஒருத்திக்கு. கண்ணைக் கொடுத்த சோதனைக்கூடத்திலேயே கருவியைக் கெடுத்தவள் என்று பெயர்.

ஜஸ்டை இங்கே நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. வெள்ளை உலகம் அவரைச் செய்தது என்னவென்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் நிறுவனத்துக்குள்ளும் ஒரு பெண்ணுக்கென்று தனியாக எழுதாத தகுதிகள் இருந்தன. நன்றியோடு இருக்க வேண்டும், பேச்சு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எடுத்துவிட்டவரின் நிழலைத் தாண்டக் கூடாது. நம் கூட்டங்களில் மேடை ஏறும் பெண்களை, ஏற்றிவிட்டவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'நாங்கதான் ஒன்னைப் படிக்க வெச்சோம்' என்ற வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன். இயக்கம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது உண்மை. தூக்கிவிட்ட கை பிடியை விடவே மாட்டேன் என்றால் என்ன செய்வது?

யங் உட்கார்ந்துவிடவில்லை. 1937இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். உட்ஸ் ஹோலில் பழக்கமான எல்.வி. ஹைல்பிரன் அவருக்கு வழிகாட்டி. எக்ஸ் கதிர்கள் கடல் உயிர்களின் முட்டைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்து 1940இல் டாக்டர் பட்டம் வாங்கினார். விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். சிகாகோவில் தோற்றவர் அவர்தான், பென்சில்வேனியாவில் வென்றவரும் அவர்தான். தகுதித் தேர்வு அளந்தது எதை என்று நீங்களே யோசியுங்கள்.

அதன் பிறகு நார்த் கரோலினாவில் கறுப்பர் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். புகையிலைத் தொழிலாளர் சங்கத்தோடும் கறுப்பர் உரிமை அமைப்போடும் சேர்ந்து வேலை செய்தார். ஆராய்ச்சிக்கு வசதி உள்ள இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி என்று ஊர் ஊராகக் குறுகிய கால வேலைகள். 1950களில் மனநலம் கெட்டு மிசிசிப்பி மாநில மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1962இல் வெளியே வந்து மறுபடியும் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1964 நவம்பர் 9ஆம் தேதி நியூ ஆர்லியன்சில் இறந்தார். வறுமையில், தனியாக. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பெயரையும் சேர்த்து ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டது. நாற்பத்தோரு வருஷம் பிந்தி வந்த நன்னடத்தைச் சான்றிதழ்.

7

இதே 1920களில் அமெரிக்காவில் உயிரியல் படித்த இன்னொரு பெண்ணையும் பக்கத்தில் வைக்கிறேன். தலச்சேரியில் 1897இல் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள், தீயர் சமூகத்துப் பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். யங் சிகாகோவில் முதுநிலை வாங்கிய அதே 1920களின் நடுவில் இவர் மிச்சிகனில் வாங்கினார். 1931இல் டாக்டர் பட்டம். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் குரோமோசோம் ஆராய்ச்சி. நம் வயல்களில் வெட்டப்படும் கரும்பின் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

ஜானகி அம்மாளும் சாதி, பெண் என்ற இரண்டு தடைகளையும் சந்தித்தவர்தான். ஆனால் அவர் பிறந்தது படித்த, வசதியான குடும்பம். அத்தோடு முழுநேர உதவித்தொகை. யங்குக்கு இரண்டும் இல்லை. மூளையில் என்ன வித்தியாசம் என்று அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. பணத்திலும் நேரத்திலும் இருந்த வித்தியாசம் கருவி இல்லாமலே தெரிகிறது.

இன்னும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பர், ஏற்கெனவே முதுநிலைப் பட்டம் பெற்றவர். வழக்குப் போட்டு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வகுப்பறையை ஒட்டிய ஒரு சிறு அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். நூலகத்தில் தனி மேசை. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். விதிப்படி எல்லாத் தகுதியும் அவருக்கு இருக்கிறது, வகுப்பும் நடக்கிறது, பாடமும் காதில் விழுகிறது. 1950 ஜூன் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. சக மாணவர்களோடு பேச, விவாதிக்க முடியாத படிப்பு சமமான படிப்பு ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சேரிப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே உட்காரவைத்த பள்ளிகளின் வரலாறு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு அமெரிக்காவில் உயிரியல் முதுநிலைக்கு ஏறக்குறைய முப்பது மணிப்பேறு, சராசரியாக பி தரம், மூன்று பேராசிரியர் கொண்ட குழு, ஆய்வேடு அல்லது முழுப்பாடத் தேர்வு என்று வைத்திருக்கிறார்கள். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தேர்வு 1930களில் வந்தது, பிற்பாடு எல்லா இடத்திலும் கட்டாயம் போல ஆனது. சமீப ஆண்டுகளில் பல உயிரியல் துறைகள் அதை நீக்கிவிட்டன. அந்தத் தேர்வு ஆராய்ச்சித் திறமையை அவ்வளவாகக் காட்டவில்லை, ஏழைகளையும் கறுப்பர்களையும் வடிகட்டத்தான் அதிகம் பயன்பட்டது என்ற வாதம் அங்கேயே வலுத்தது. ஆக, தகுதி என்பது வானத்திலிருந்து விழுந்த கல்வெட்டு இல்லை. மனுசங்க வெச்சது, மனுசங்க எடுத்தது.

8

அந்தப் பொண்ணுக்கு நான் யங்கின் கதையைச் சொன்னேன், மனநல மருத்துவமனை வரைக்கும், மறைக்காமல். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த அம்மாவுக்கு அவங்க அம்மாவைப் பாத்துக்க ஒரு ஆள் இருந்திருந்தா பாஸ் பண்ணியிருக்கும் இல்லக்கா?" என்றாள்.

இத்தனை பக்கம் எழுதி நான் சொல்ல வந்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு பட்டியல் எழுதினோம், படிவத்தின் பின்பக்கம் பென்சிலால். பேருந்துக்குப் போக வர எவ்வளவு. விடுதியில் இடம் கிடைக்குமா, கிடைத்தால் விளக்கு எத்தனை மணி வரை எரியும். ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு, அறுவைப் பெட்டி. ஆய்வேட்டுக்கு ரசாயனம் வாங்கக் காசு. உதவித்தொகை வரும்வரை யாரிடம் கடன் வாங்குவது. 1944இல் அம்பேத்கர் வைசிராய் அவையில் இருந்த காலத்தில் தொடங்கிய மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆதாரம். ஆனால் கட்டணம் கேட்கிற தேதியும் உதவித்தொகை வருகிற தேதியும் ஒன்றாக இருப்பதில்லை. வெட்டுக் காலத்தில் தம்பியை யார் பார்ப்பது. வழிகாட்டி கிடைக்காவிட்டால் யாரோடு போய்க் கேட்பது. வாய்மொழித் தேர்வில் ஊரைக் கேட்டால் என்ன சொல்வது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் உடனே பதில் சொன்னேன். "ஊர்ப் பேரையும் காலனிப் பேரையும் சேர்த்தே சொல்லு. சொல்லிட்டு, ஆய்வேட்டைப் பத்திக் கேளுங்க சார்னு சொல்லு."

மற்றக் கேள்விகளுக்குத் தனியாள் பதில் சொல்ல முடியாது. இயக்கத் தோழர்களுக்கும் வேலையில் இருக்கும் நம் படித்தவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். நினைவு நாள் கூட்டத்துக்கும் பதாகைக்கும் செலவு செய்வதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் அறிவியல் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். உதவித்தொகை வரும்வரை கைமாற்றுக் கொடுக்க ஒரு பொது நிதி வையுங்கள். துறைத் தலைவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பிள்ளையோடு ஒருத்தர் போங்கள், பெண் பிள்ளையென்றால் ஒரு பெண்ணை அனுப்புங்கள். பட்டம் வாங்கிய பிறகு அவள் நம்மை எதிர்த்துப் பேசினால் பேசட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அவள் சேர்ந்துவிட்டாள். இப்போது இரண்டாவது பருவம். பென்சில் பட்டியலில் பாதிக்கு மேல் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.